வெயிலுக்குக் குளிரக் குடிக்கிற சோள சூப், இறாலும் நண்டும் போட்டு: வன்னியில் வீட்டில் செய்ய முடியுமா?

கேட்டவர் இரண்டு சந்தேகம் எழுதியிருக்கிறார்: இங்கே கிடைக்கிற சோளத்தில் இது சரிவருமா, ஆறினால் வெடுக்கு அடிக்காதா.

சரிவரும், வெடுக்கும் அடிக்காது. ஆனால் சோளமும் கடலுணவும் ஒரே சட்டியில் வேகக்கூடாது. தனித்தனியே சமைத்து, தனித்தனியே குளிரவைத்து, குடிக்கிற கோப்பையில்தான் இரண்டையும் சேர்க்க வேண்டும். நாங்கள் கூழ் காய்ச்சிப் பழகிய ஆட்கள், நண்டு, இறால், மீன் எல்லாம் ஒரே பானையில் கொதித்தால்தான் ருசி என்று கை தானாக அந்தப் பக்கம் போகும். கூழ் சுடச்சுடக் குடிப்பது, அதிலே புளியும் தூளும் வெடுக்கை அமத்திவிடும். இந்த சூப்பில் இரண்டும் இல்லை. இறால் தலையை அவித்த தண்ணீர் சூடாக இருக்கும்போது நல்ல வாசம்தான், குளிர்ந்த பிறகு அந்த வாசம் மட்டும்தான் முன்னுக்கு நிற்கும். அதனால் தலையையும் கோதையும் எறியாமல் கூழுக்கோ சொதிக்கோ எடுத்து வையுங்கள், இதற்கு வேண்டாம்.

இப்போது சோளம். இங்கே சோளம் பெரும்பாலும் காலபோக மழையை நம்பி மேட்டுநிலத்தில் போடுகிற பயிர், அதிலும் நிறையக் கோழித்தீனுக்குப் போகிற கலப்பினம். வெயில் காலத்தில் கிடைப்பது கிணற்று இறைப்பிலோ வாய்க்கால் தண்ணீரிலோ வைத்த தோட்டத்துச் சோளம். இனிப்புச் சோளம் கிடைத்தால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சாதாரணச் சோளமும் போதும், ஆனால் பால் பருவத்தில் இருக்க வேண்டும். மேல்நார் மண்ணிறமாகக் காய்ந்து, தோல் மட்டும் இன்னும் பச்சையாக இருக்கிற பொத்தியாகப் பார்த்து, தோலைக் கொஞ்சம் விலக்கி ஒரு மணியை நகத்தால் அழுத்துங்கள். வெள்ளைப் பால் சீறினால் அதுதான் வேண்டியது. தண்ணீர் மாதிரித் தெளிவாக வந்தால் பிஞ்சு. மா மாதிரி ஒட்டினால் முற்றியது, அதை அவித்துச் சாப்பிடலாம், சூப்புக்கு ஆகாது, ஏனென்றால் முற்றிய சோளத்தில் மாச்சத்து கூட, குளிர்ந்தால் களியாகிவிடும். இன்னொன்று, ஒடித்த நேரத்திலிருந்து சோளத்தின் சீனி மாச்சத்தாக மாறத் தொடங்கிவிடும், எங்களுடைய வெக்கையில் அது இன்னும் வேகம். காலையில் ஒடித்ததைப் பகலுக்குள் அடுப்பில் ஏற்றிவிடுங்கள். முந்தாநாள் ஒடித்துச் சாக்கில் கிடந்த பொத்திக்கு எவ்வளவு சீனி போட்டாலும் அந்த ருசி வராது.

நாலு பேருக்கு ஐந்து பொத்தி எடுங்கள். மணியைக் கத்தியால் சீவி, கடைசியில் தூவுவதற்குக் கொஞ்சத்தைப் பச்சையாக எடுத்து வைத்த பிறகு, கத்தியின் முதுகால் தண்டை மேலிருந்து கீழே அழுத்தி வழித்தால் கெட்டியான பால் இன்னும் கொஞ்சம் வரும், சூப்பின் வழவழப்பு அதில்தான் இருக்கிறது. தண்டை எறிய வேண்டாம்! இரண்டாக முறித்து ஒரு லீட்டர் தண்ணீரில் அரை மணித்தியாலம் அவியுங்கள், அந்தத் தண்ணீர்தான் இதற்கு ரசம். அப்புறம் ஒரு கரண்டி எண்ணெயில் வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, மணியையும் வழித்த பாலையும் போட்டுக் கொஞ்சம் பிரட்டி, தண்டு அவித்த தண்ணீரை மணி மூழ்கி இரண்டு விரல் மேலே நிற்கிற அளவுக்கு விட்டு, உப்புப் போட்டுப் பத்து நிமிடம் அவிய விடுங்கள். ஆறியதும் பிளெண்டரில் நன்றாக அடித்து வடியில் வடித்துக்கொள்ளுங்கள், தோல் நாக்கில் தட்டக்கூடாது. சூடாக இருக்கும்போது ‘ஐயோ தண்ணியாய்ப் போச்சே’ என்று தோன்றினால் சரியான பதம், குளிரக் குளிர இறுகும்.

தேங்காய்ப்பால் விட வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றும். வேண்டாம். தேங்காய்க் கொழுப்பு 24 பாகைக்குக் கீழே உறையும். ஃபிரிட்ஜில் வைத்த சொதியின் மேலே வெள்ளையாகக் கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான் இங்கேயும் நடக்கும், வாயில் மெழுகு ஒட்டின மாதிரி இருக்கும். பட்டரும் அப்படித்தான். அதற்குப் பதில் எங்களிடம் முட்டி எருமைத் தயிர் இருக்கிறதே, அதில் புளிக்காததாக மூன்று மேசைக்கரண்டி, சூப் முழுதாக ஆறிய பிறகு சேர்த்து அடியுங்கள். சூட்டில் விட்டால் திரைந்துவிடும். சோளத்தின் இனிப்புக்கு எருமைத் தயிர் மாதிரிப் பொருந்துகிற சாமான் வேறில்லை என்பது என் எண்ணம்.

இறால், நந்திக்கடல் பக்கத்தது கிடைத்தால் நல்லது, நடுத்தர அளவில் கால் கிலோ. கோது கழற்றி, முதுகு நரம்பை எடுத்து, உப்புத் தண்ணீர் கொதிக்கும்போது போட்டால் இரண்டு நிமிடத்துக்குள் சிவந்து வளையும். உடனே எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். முழு வட்டமாகச் சுருளும் வரை விட்டால் குளிர்ந்த பிறகு றப்பர்தான். நண்டென்றால் அவித்து ஆறவிட்டுச் சதையை மட்டும் பிரித்து எடுங்கள், சின்னக் கோதுத் துண்டு ஒன்றுகூட இருக்கக்கூடாது, விரலால் தடவிப் பாருங்கள். கணவாய் குளிர்ந்தால் இறுகும், எனக்கு இதில் விருப்பமில்லை. எடுத்த இறாலுக்கும் நண்டுக்கும் தேசிக்காய்ப் புளி, உப்பு, பொடியாக வெட்டிய ஒரு பச்சைமிளகாய், அவ்வளவுதான். இஞ்சி, உள்ளி, மிளகுத்தூள் என்று கைவைத்தால் சோளம் காணாமல் போய்விடும்.

குளிரவைப்பதில் கவனமாக இருங்கள், எங்கள் வெயிலில் சமைத்த கடலுணவை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைப்பது ஆபத்து. சூப் சட்டியை ஐஸ் போட்ட பெரிய பாத்திரத்துக்குள் இறக்கிக் கிண்டிக் கிண்டி ஆறவைத்து, பிறகு ஃபிரிட்ஜில் மூன்று நாலு மணித்தியாலம். வாடியில் மீனுக்குப் போடுகிற ஐஸ் என்றால் சட்டிக்கு வெளியே மட்டும், உள்ளே ஒரு துண்டும் விழக்கூடாது. கரண்ட் அடிக்கடி போகிற நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

பரிமாற முன் திரும்ப உப்புப் பாருங்கள். குளிரில் நாக்குக்கு உப்பும் இனிப்பும் குறைவாகத்தான் தெரியும், சூட்டில் அளவாக இருந்தது இப்போது சப்பென்று இருக்கும். கோப்பையையும் குளிரவைத்து, சூப்பை ஊற்றி, நடுவில் இறாலையும் நண்டையும் வைத்து, பச்சையாக எடுத்து வைத்த சோளமணி கொஞ்சம் தூவுங்கள், பால் பருவத்து மணி பல்லில் நொறுங்குவது நன்றாக இருக்கும். வீட்டில் இறால் ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால் சிக்கலே இல்லை, அவருக்குச் சூப் மட்டும். மிஞ்சின சூப் அடுத்த நாளுக்கும் ஃபிரிட்ஜில் நிற்கும், இறாலையும் நண்டையும் அன்றே முடித்துவிடுங்கள்.