கையும் ஸ்கேலுமாக வாசிப்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெரம்பூரில் இருந்து எழுதுகிறேன். மூன்று வருடங்களாகப் புத்தக வடிவமைப்பு செய்கிறேன். வடிவமைப்பு பற்றிய நூல்களைக் காசு சேர்த்து வாங்கிப் படிக்கிறேன். ராபர்ட் பிரிங்ஹர்ஸ்ட் தன் அச்செழுத்துக்கலை நூலில் வரிக்கு 66 எழுத்து சிறந்தது என்கிறார். அதன்படி ஒரு சிறுகதைத் தொகுப்பை டெமி என்னும் புத்தக அளவில் அமைத்தேன். 9 புள்ளி (பாயிண்ட்) எழுத்து, 11 புள்ளி வரியிடைவெளி. பக்கம் மூச்சு முட்டுகிறது. அட்டையிலும் நிறங்கள் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன. அடுத்து எந்தப் புத்தகம் வாங்கலாம்?
ஒரு வாசகி

அன்புள்ள தோழி,

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். கையில் இருப்பவை நல்ல நூல்கள்தான். அவற்றைக் கையும் ஸ்கேலுமாக, தமிழுக்கு மாற்றி வாசிக்க வேண்டும்.

1992இல் வந்த அந்த நூலில் 66 என்பது ஆங்கிலம் போன்றவற்றின் லத்தீன் எழுத்துக்கான கணக்கு. சொல்லிடைவெளியும் அதில் சேர்த்தி. 45 முதல் 75 வரை போகலாம் என்றும் அதே இடத்தில் இருக்கிறது. தமிழில் எழுத்தை எண்ணுவதே சிக்கல். ‘கொண்டு’ என்ற சொல் வாய்க்கு 3 எழுத்து, கண்ணுக்கு 5 வடிவம், கணினிக்கு 6 குறியீடு. நீங்கள் 66 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டதால்தான் எழுத்தை 9 புள்ளிக்குச் சுருக்க நேர்ந்திருக்கும். தமிழில் சொற்களை எண்ணுங்கள். டெமியில் ஏறக்குறைய 4 அங்குல வரிக்கு ஐந்திலிருந்து ஏழு சொல் போதும். எழுத்து 11 புள்ளி, வரியிடைவெளி 16.

ஏன் அவ்வளவு இடைவெளி? நம் எழுத்துக்கு மேலேயும் சுழி, கீழேயும் வால். ‘நூறு’, ‘சூழ்ச்சி’, ‘தூது’ என்று ஒரு வரி. அதற்கு நேர் கீழே ‘தீர்ப்பு’, ‘கீரை’, ‘வீதி’. இப்படி அடித்துப் பாருங்கள். மேல் வரியின் வால் கீழ் வரியின் சுழியைத் தொட்டால் இடைவெளி போதாது. இந்தச் சோதனையை ஒவ்வொரு எழுத்துருவுக்கும் தனியாகச் செய்ய வேண்டும். ஒரே 11 புள்ளியில் ஓர் எழுத்துரு பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் தெரியும்.

இருபுறமும் சமன் செய்தால் நீண்ட தமிழ்ச் சொற்கள் வரிக்குள் ஓட்டை போடும். சொல்லை உடைக்க அனுமதியுங்கள். ஆனால் புள்ளி வைத்த மெய்யெழுத்தில் வரி தொடங்கவே கூடாது. இன்டிசைன் மென்பொருளில் பத்தி அமைப்பை உலக மொழிகளுக்கான ‘வேர்ல்டு ரெடி’க்கு மாற்றியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். மாற்றாவிட்டால் யூனிகோடு எழுத்துருவில் ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்கும்.

பதிப்பாளர் பக்கம் கூடுகிறதே என்பார். நியாயமான கவலைதான். 16 புள்ளியில் பக்கத்துக்குச் சுமார் 30 வரி வரும். எழுத்து 10.5, இடைவெளி 15 என்று இறங்கினால் 32 வரி. அதற்குக் கீழே இறங்காதீர்கள். வயதானவர்கள் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார்கள்.

அட்டைக்கு வருவோம். ஓவிய ஆசிரியர் யோசெஃப் ஆல்பெர்ஸின் நிற நூல் (யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம், 1963) உங்களிடம் இருந்தால், படித்து முடிக்க அவசரப்படாதீர்கள். அது செய்து பார்க்க வேண்டிய நூல். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் பளபளப்பில்லாத வண்ணத்தாள்கள் வாங்குங்கள். பளபளத்தால் விளக்கொளி நிறத்தை மாற்றிவிடும். வேறு வேறு நிறத்தில் இரண்டு பெரிய தாள். இரண்டின் நடுவிலும் ஒரே தாளில் வெட்டிய ஓர் அங்குலத் துண்டு. அந்த ஒரே நிறம் இரண்டாகத் தெரியும்வரை பின்னணியை மாற்றிக்கொண்டே போங்கள். துண்டு பெரிதானாலோ சுற்றிக் கோடு போட்டாலோ மாயம் குறைந்துவிடும். நிறச்சண்டைக்கு மருந்து இதில்தான் இருக்கிறது. சண்டை பெரும்பாலும் நிறத்தால் வருவதில்லை, பக்கத்தில் நிற்பதால் வருகிறது.

நம் ஊரிலேயே இருக்கும் பாடத்தையும் விட்டுவிடாதீர்கள். திருவான்மியூர் தாரா புக்ஸ் 2006இல் வெளியிட்ட மரங்கள் பற்றிய கோண்டு பழங்குடி ஓவிய நூல், கறுப்புத் தாளில் கையால் சில்க் ஸ்கிரீன் (திரை வழியே மை தள்ளும் அச்சு) செய்தது. விரலால் தடவினால் மை மேடாகத் தட்டுப்படும். நிறத்துக்கு ஒரு திரை என்பதால் எத்தனை நிறம் என்பது அங்கே ரசனை மட்டுமல்ல, உழைப்புக் கணக்கும்கூட. உங்கள் அடுத்த அட்டையை இரண்டே நிறத்தில் முயன்று பாருங்கள்.

தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களைப் பாருங்கள். ‘மலை’, ‘கலை’ என்பவற்றில் லகரத்தோடேயே யானைத் துதிக்கைபோல ஐகாரம் ஒட்டியிருக்கும். இன்று அது தனியாகப் பிரிந்து முன்னால் நிற்பதால் தலைப்பின் அகலமே கூடிவிட்டது. இடைவெளியைக் கையால் இறுக்க வேண்டியிருக்கிறது. பழைய தாளின்மேல் நேரடியாக வைத்து வரையக் கூடாது. அனுமதி கேட்டு, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, நேர் மேலிருந்து படமெடுங்கள். வீட்டில் அச்சிட்டு, அதன்மேல் டிரேசிங் தாளும் 2எச் பென்சிலும் கொண்டு வரையுங்கள். முதலில் அ, ஞ, ண, ழ, ற இந்த ஐந்து போதும்.

இந்த வாரமே தொகுப்பின் முதல் 4 பக்கங்களை 9, 10.5, 11 புள்ளிகளில், புத்தகத்துக்குப் போகும் அதே மேப்லித்தோ தாளில் அச்சிடுங்கள். அச்சுப்பொறியில் ‘தாளுக்குப் பொருத்து’ என்பதை அணைத்துவிட்டு 100 சதவீதத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் 11 புள்ளி சத்தமில்லாமல் வேறு அளவாகிவிடும். மூன்றையும் பதிப்பாளர் கையில் கொடுத்து, அவர் எந்தத் தாளை முகத்துக்கு அருகே கொண்டுபோகிறார் என்று பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்