கேள்வி பதில்: ஆற்றோர வயலைக் குடியிருப்பு வலயமாக்கினால் யாரிடம் போவது?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் யாழ்ப்பாணத்து வழுக்கையாற்றை ஒட்டியது. ஆற்றுக்கும் எங்கள் ஒழுங்கைக்கும் நடுவில் கிடக்கும் வயலையும் தரவையையும் (திறந்த புல்வெளியையும்) புதிய அபிவிருத்தித் திட்ட வரைபில் குடியிருப்பு வலயம் என்று மாற்றப்போகிறார்களாம். அதற்குள்ளேயே ஒரு மூலையில் டிப்பரில் மக்கி (பள்ளம் நிரப்பும் கல்மண்) கொண்டுவந்து கொட்டத் தொடங்கிவிட்டார்கள். கையெழுத்துச் சேர்த்து மனுக் கொடுத்தோம், பதில் இல்லை. கேட்கப் போனால் அபிவிருத்திக்கு எதிரிகள் என்கிறார்கள். ஊரின் பெயரைப் போடவேண்டாம். நாங்கள் அடுத்து என்ன செய்யவேண்டும்?

பதில்: முதலில் மக்கியைக் கவனியுங்கள், வரைபடம் இரண்டாவது. வரைபில் என்ன நிறம் பூசினாலும் அது நெல்வயல் என்றால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அதற்குப் பொருந்தும். கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வயலை நிரப்பக்கூடாது, வேறு தேவைக்குப் பாவிக்கவும் கூடாது. வலயம் மாறிவிட்டது, இனி நிரப்பலாம் என்று யாராவது சொன்னால் அந்த அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். இன்றைக்கே உங்கள் கமநல சேவைகள் நிலையத்துக்குப் போய், கமக்காரர் அமைப்பின் கடிதத் தலைப்பில் முறைப்பாடு எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதே முறைப்பாட்டின் பிரதி பிரதேச செயலாளருக்கும் பிரதேச சபைக்கும் போகட்டும். வாய்ச்சொல்லாகச் சொன்ன முறைப்பாடு அந்த மேசையோடு முடிந்துவிடும்.

மனுவைப் பற்றி ஒன்று. நூறு பேர் ஒரே தாளில் கையெழுத்து வைத்தால் அதிகாரிக்கு அது ஒரு கடிதம்தான், அவர் கோப்பில் ஒரு தாள். அதைவிட ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியாக, தங்கள் கிணறு எங்கே இருக்கிறது, எந்த மாரியில் வெள்ளம் எதுவரை வந்தது, எத்தனை நாள் வடியாமல் நின்றது என்று எழுதிக் கொடுத்தால் அதை ஒதுக்குவது கடினம். 2008 நவம்பரில் நிஷா புயல் மழையில் நின்ற வெள்ளத்தின் கறை இன்னும் சில வீட்டுச் சுவர்களில் இருக்கும். அளவுநாடாவை நிலத்திலிருந்து கறைவரை பிடித்து, இலக்கம் தெரியும்படி படம் எடுங்கள். மதகு வாயில் என்ன அடைத்துக் கிடக்கிறது, மக்கி கொட்டிய இடத்திலிருந்து வாய்க்கால் எத்தனை அடி, இதையும் எடுங்கள். அபிவிருத்திக்கு எதிரி என்ற பேச்சுக்கு நீங்கள் சத்தம் போட்டுப் பதில் சொல்லத் தேவையில்லை, இந்தப் படங்களை மேசையில் வைத்தால் போதும்.

வரைபுக்கு வருவோம். நகர அபிவிருத்தி அதிகார சபையின் திட்டம் என்றால் இறுதியாக்க முன்னர் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபனை கேட்கவேண்டும். அறிவித்தலில் போட்ட கடைசித் திகதிக்குள் உங்கள் ஆட்சேபனை போய்ச் சேரவேண்டும், பதிவுத் தபாலில் அனுப்பிச் சிட்டையைப் பத்திரப்படுத்துங்கள். வரைபடத்தையே யாரும் காட்டவில்லை என்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்தந்த அலுவலகத்தின் தகவல் அதிகாரிக்கு எழுதுங்கள், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும். பொதுவாக “விபரம் தாருங்கள்” என்று கேட்காமல், வரைபடத்தின் பிரதி, வயல் நிரப்ப வந்த விண்ணப்பம், அதற்குக் கொடுத்த அனுமதி, வெள்ளநீர் வடிகால் பற்றி நீர்ப்பாசனத் திணைக்களம் சொன்ன கருத்து என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அப்படி ஒரு கருத்தே பெறப்படவில்லை என்று பதில் வந்தால், உங்கள் ஆட்சேபனையில் அதுவே முதல் வரி.

சிலர் சுற்றாடல் மதிப்பீடு கேட்டு வழக்குப் போடலாம் என்று சொல்லியிருப்பார்கள். 1993ஆம் ஆண்டின் வர்த்தமானிப்படி 1000 வீடுகளுக்கு மேற்பட்ட திட்டத்துக்கும், 4 ஹெக்டேயருக்கு மேல், அதாவது நம் கணக்கில் கிட்டத்தட்ட 160 பரப்புக்கு (16 பரப்பு ஒரு ஏக்கர்) மேல் ஈரநிலத்தை நிரப்புவதற்கும் அது வேண்டும். காணியைத் துண்டு துண்டாக உடைத்து விற்றால் அந்த எல்லைக்குள் வராமலே போய்விடலாம். ஆகவே அதை மட்டும் நம்பியிருக்கவேண்டாம். நிரப்பலால் வாய்க்கால் மறிபட்டு ஒழுங்கையில் வெள்ளம் ஏறினால், பொதுத்தொல்லை என்று நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வழி உண்டு, ஒரு சட்டத்தரணியோடு பேசுங்கள்.

இவ்வளவும் எழுதுவதற்குக் காரணம் அந்த ஆறுதான். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி என்று வந்து அராலியில் கடல்நீரேரியில் விழுகிறது, யாழ் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல நமக்கு வேறொன்றும் இல்லை. ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடப்பதால் வெளியிலிருந்து வந்து பார்க்கிறவருக்கு அது வெறும் பள்ளம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் நமக்கு மழையின் பெரும்பங்கு கிடைக்கிறது, அந்த நீர் நின்று சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்க இடம் வேண்டும். அந்த இடம்தான் நீங்கள் சொல்லும் வயலும் தரவையும். நம் நிலத்தடியில் நன்னீர் உப்புநீருக்கு மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்தால் அடியிலுள்ள உப்புநீர் 40 அடிவரை மேலேறலாம் என்பது கடலோர நிலத்தடி நீருக்குப் போடுகிற கணக்கு. வயலை மூடி வீடு கட்டினால் நீர் இறங்குவது குறையும், வந்த வீடுகளெல்லாம் இறைக்கத் தொடங்க எடுப்பது கூடும். பாதிப்பு அந்த வளவோடு நிற்காது. ஆற்றுக்கு அரை மைல் தள்ளி இருக்கிறவரும் கிணற்றில் உவர் தட்டிய பிறகுதான் விழித்துக்கொள்வார்.

கேள்வி: நாங்கள் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம். நான் பிறந்ததே வாடகை வீட்டில். வசதியுள்ளவர்கள் கல்வீட்டுக்குள் இருந்துகொண்டு வயலைக் காப்பாற்றுங்கள் என்று சொன்னால், 2 பரப்புக் காணிக்கு அலைகிற நாங்கள் எங்கே போவது?

பதில்: பிள்ளை, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வீடு கேட்பது பேராசை இல்லை. ஆனால் மலிவு என்று உங்களுக்குக் காட்டப்படுவது எப்போதும் பள்ளக்காணியாகவே இருக்கிறதே, அதை யோசித்துப் பாருங்கள். மேட்டுக்காணி வசதியுள்ளவருக்கு, வெள்ளம் நிற்கிற காணி வீடில்லாதவருக்கு என்று பிரித்துக் கொடுப்பதை வீட்டுத்திட்டம் என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. கடன்பட்டு அத்திவாரம் போட்ட குடும்பம் முதல் மாரியிலேயே பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுக்க வேண்டிவரும். வயலை நிரப்புவதை எதிர்க்கிற ஊரவர் மேட்டுநிலம் எங்கே சும்மா கிடக்கிறது, பற்றை வளர்ந்த பூட்டிய வளவுகள் எத்தனை என்பதையும் தங்கள் ஆட்சேபனையில் எழுதவேண்டும். வேண்டாம் என்று மட்டும் எழுதுகிற கடிதத்தில் உங்களைப் போன்றவர்களுக்கு இடமே இல்லை. மேலே கேட்டவருக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

நீங்கள் அங்கே காணி பார்த்துக்கொண்டிருந்தால், முற்பணம் கொடுக்க முன்னர் உறுதியில் காணி வயல் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். கமநல சேவைகள் நிலையத்தில் விவசாயக் காணிப் பதிவேடு உண்டு, அதிலும் பார்க்கலாம். வயல் என்று இருந்தால், நிரப்பும் அனுமதியைக் கண்ணால் காணாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள், தரகர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

கேள்வி: வீடுகள் வந்தால் மலசலகூடக் குழிகளால் கிணற்றுத் தண்ணீர் கெடும் என்கிறார்கள். கொதிக்க வைத்துக் குடித்தால் சரிதானே?

பதில்: கிருமி சாகும், ஆனால் குழிகளிலிருந்து நீரில் கரைந்து வரும் நைத்திரேற்று என்ற உப்பு போகாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக அதன் செறிவு கூடத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், தோட்டங்களுக்குப் போடும் பசளையாலும் குழிகளாலும் அதைத் தாண்டிய கிணறுகள் குடாநாட்டில் ஏற்கெனவே உண்டு. பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகள் வழியே நீர் ஓடும், மண் வடிகட்டும் என்று இருந்துவிட முடியாது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது நினைவிருக்கும். பணம் கட்டலாம், கெட்ட கிணற்றைத் திருப்பிக் கொடுக்க எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. இப்போதே உங்கள் கிணற்று நீரை ஆய்வுகூடத்தில் கொடுத்து நைத்திரேற்றும் உவர்த்தன்மையும் பார்த்து அறிக்கையை எடுத்து வையுங்கள், வீடுகள் வந்தபிறகு எடுத்தால் முன்பு நீர் எப்படி இருந்தது என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.