ஸ்டியரிங் உங்கள் கையில், திட்டம் யார் கையில்?

கேள்வி: அன்புள்ள அக்கா, எபேனில் வேலை பார்க்கிறேன். நாங்கள் ஐந்து தோழிகள். கார் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. வருகிற ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலோரமாகவே தீவை ஒரு சுற்றுச் சுற்றிவிட வேண்டுமாம். வாட்ஸாப்பில் பதினாலு இடங்களுக்குப் பட்டியல் ஓடுகிறது. போன தடவை விடியற்காலையிலிருந்து இரவு வரை நான்தான் ஓட்டினேன். மற்றவர்கள் பின்சீட்டில் தூங்கினார்கள். பெட்ரோல் காசைப் பற்றி ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. இன்னொருத்திக்கு லைசென்ஸ் இருந்தும் ஓட்ட மாட்டாள். வேறொருத்திக்கு வளைவு வந்தாலே குமட்டும். முடியாது என்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், ரோஸ் ஹில், மொரிஷியஸ்

பதில்: தங்கச்சி, தாராளமாகப் போய்வாருங்கள். தீவைச் சுற்றும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். நீளம் 65 கிலோமீட்டர், அகலம் 45 என்றதும் “இவ்வளவுதானா!” என்று இங்கே புதிதாக வருகிற எல்லோருக்கும் தோன்றும். கரையோரச் சாலையோ ஒவ்வொரு ஊருக்குள்ளும் புகுந்து புறப்படும். பேருந்து நின்றால் நாமும் நிற்க வேண்டியதுதான். பதினாலு இடத்தையும் பார்க்க நினைத்தால், பதினாலு கார் நிறுத்துமிடங்களைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

தெற்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் நேரே மாயேபூர் போய்விடுங்கள். அங்கே ஆளுக்கு ஒரு ஜோடி தால் பூரி சாப்பிட்டுவிட்டு, மதியத்துக்கும் ஏதாவது கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் சிற்றூர்களில் பல கடைகள் அடைத்துவிடும். அங்கிருந்து சுய்யாக், பெல் ஓம்ப்ர், பே து காப், லெ மோர்ன் என்று மேற்கே போய், ரிவியேர் நுவார் வழியாக வீடு திரும்பலாம். இந்தத் திசையை மாற்றாதீர்கள். நமக்கு இடதுபக்க ஓட்டம். மேற்கே போகும்போது கடலும் இடதுபக்கமே வரும். நிறுத்தத் தோன்றினால் எதிர்வண்டிகளுக்குக் குறுக்கே திரும்ப வேண்டியதில்லை. ஒரே தொல்லை, பின்மதியத்தில் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். அதனால் நாலு மணிக்குள் லெ மோர்ன் சேர்ந்துவிடுங்கள்.

மாயேபூருக்கும் சுய்யாக்குக்கும் நடுவே பெரும்பாலும் கரும்புக்காடுதான், கடல் கண்ணில் படாது. ஜூலை வெட்டுக் காலம். முன்னால் கரும்பு லாரி போனால் முந்தப் பார்க்காதீர்கள், பின்னாலேயே போங்கள்.

சுய்யாக்கில் கிரி கிரி கடற்கரைக்குக் கட்டாயம் நேரம் ஒதுக்குங்கள். தீவைச் சுற்றியிருக்கும் பவளத்திட்டு அந்த இடத்தில் இல்லை. மற்ற கடற்கரைகளில் தூரத்திலேயே உடைந்துபோகிற அலை இங்கே பாறையில் வந்து மோதும். ஜூலைக் காற்றில் இன்னும் ஆவேசமாக இருக்கும். நின்று பார்க்கத்தான் அந்த இடம், குளிக்க இறங்கக் கூடாது. “முட்டிவரைதானே” என்று யாராவது ஆரம்பித்தால் அங்கே மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

பே து காப்பைத் தாண்டியதும் மாகோந்தே. பாறையை ஒட்டிச் சாலை சட்டென்று வளைகிற இடம் அது. படியேறிப் பார்த்தால் அந்த வளைவும் கடலும் சேர்ந்து தெரியும். வளைவிலேயே காரை நிறுத்திப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்; தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். பக்கத்திலேயே மாத்யூ ஃபிளிண்டர்ஸின் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவைக் கப்பலில் சுற்றிவந்த அந்த ஆங்கிலேயர், கப்பலைப் பழுது பார்க்க 1803 டிசம்பரில் இங்கே ஒதுங்கினார். பிரெஞ்சு ஆளுநர் பிடித்து வைத்துக்கொண்டார். தீவை விட்டுக் கிளம்ப 1810 ஆகிவிட்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் “அஞ்சே நிமிஷம்” என்று இறங்குகிற தோழிக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

லெ மோர்ன் மலை 556 மீட்டர். தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை; 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஏற வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக ஒரு நாள் வாருங்கள். இந்தப் பயணத்தில் கீழே மணலில் உட்கார்ந்தால் போதும். ஜூலையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், உடனே கிளம்பிவிடுங்கள். பட்டியலில் மலை ஊரான ஷமரேல் இருந்தால் அடித்துவிடுங்கள். அந்த ஏற்றத்துக் கொண்டை வளைவுகளைக் குமட்டல்காரி தாங்க மாட்டாள்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். இடங்களின் பட்டியலை வண்டியில் உட்காருகிறவர்கள் எழுதலாம். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே நிறுத்துவது, எப்போது திரும்புவது என்ற மூன்றையும் ஓட்டுகிறவள்தான் முடிவு செய்ய வேண்டும். நாள் முழுக்க வளைவையும் எதிர்வண்டியையும் கவனித்துக் களைத்துப்போகிறவள் அவள்தானே. போன தடவை அவர்கள் செய்தது சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்களும் வாய் திறக்கவில்லையே! சிரித்துக்கொண்டே ஓட்டுகிறவளுக்கு ஓட்டப் பிடிக்கும்போல என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பயணத்தன்று காருக்குள் சொன்னால் சண்டையாகிவிடும். இன்றைக்கே குழுவில் இப்படிப் போடுங்கள்: “ஞாயிறு தெற்கு மட்டும் போகலாம்ப்பா. காலை ஏழு மணிக்குக் கிளம்பணும், ராத்திரி எட்டுக்குள்ள வீடு. பெட்ரோல் அஞ்சாப் பிரிச்சுக்கலாம், சனிக்கிழமையே குடுத்துடுங்க.” காரணம் எழுதாதீர்கள். எழுதினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வரும். காசு கேட்பது கஞ்சத்தனம் என்று யாராவது நினைத்தால், வாடகைக் கார் என்ன விலை என்று அவளையே விசாரிக்கச் சொல்லுங்கள்.

லைசென்ஸ் உள்ளவளைக் கட்டாயப்படுத்த வேண்டாம். பயந்து ஓட்டுகிறவள் பக்கத்தில் உட்கார்ந்து வருவது இன்னும் களைப்பு. அவளே முன்வந்தால், உங்கள் காப்பீடு அவள் ஓட்டுவதற்கும் செல்லுமா என்று முதலில் பார்த்துக்கொண்டு, நெடுஞ்சாலையில் மட்டும் கொடுங்கள்.

குமட்டல்காரிக்கு முன்சீட். ஃபோனைப் பார்க்காமல் தூரத்துச் சாலையைப் பார்த்துக்கொண்டே வரட்டும், வழியில் உங்களிடம் பேச்சுக் கொடுப்பதும் அவள் பொறுப்பு. பின்சீட்டுக்காரிகள் தூங்கினால் தூங்கட்டும். காசுதான் சனிக்கிழமையே வந்திருக்குமே.