மகள் நோயெதிர்ப்பியல் படிக்கிறேன் என்கிறாள், விடலாமா?

அம்மா, வணக்கம். நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். இந்தப் படிப்புக்கு வேலை கிடைக்குமா என்பது ஒன்று. நீட் கைகொடுக்காத வருத்தத்தில் மகள் எதையோ பிடித்துக்கொண்டு நிற்கிறாளோ என்பது இன்னொன்று. இரண்டாவதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தாத்தாவுக்கு யூரிக் ஆசிட் ஏறிக் கால் பெருவிரல் சிவந்து வீங்கியபோது, "கிருமியே இல்லையே, அப்புறம் ஏன் இப்படிக் கொதிக்கிறது?" என்று டாக்டரிடம் கேட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இது விஞ்ஞானிகளையே பல காலம் அலைக்கழித்த கேள்வி.

நம் வெள்ளணுக்களில் பிறவியிலேயே சில ஏற்பிகள் இருக்கின்றன. ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியாக அடையாளம் காண்பது அவற்றின் வேலை இல்லை. பல கிருமிகளுக்குப் பொதுவான அமைப்புகளை அவை கண்டுகொள்ளும். 1996-ல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஜூல்ஸ் ஹாஃப்மனின் குழு, டோல் என்ற மரபணு பழுதான பழ ஈக்கள் பூஞ்சைத் தொற்றைத் தாங்காமல் செத்துப்போவதைக் காட்டியது. பாக்டீரியாவின் வெளிச்சுவரில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற நச்சை எலிகள் உணர்வது அந்த டோலைப் போன்ற டி.எல்.ஆர்-4 என்ற ஏற்பியால்தான் என்று 1998-ல் புரூஸ் பாய்ட்லரின் குழு கண்டது. இருவருக்கும் 2011-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

தாத்தாவின் விரலுக்கான விடை 2006-ல் வந்தது. மூட்டில் படியும் யூரிக் ஆசிட் படிகங்களை மேக்ரோபேஜ் என்ற வெள்ளணு விழுங்குகிறது. உள்ளே இருக்கும் என்.எல்.ஆர்.பி-3 என்ற ஏற்பி அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது. உடனே அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற புரதம் வெளியேறுகிறது. வீக்கமும் வலியும் அதன் விளைவு. ரத்தக்குழாயில் படியும் கொலஸ்ட்ரால் படிகங்களும் இதே ஏற்பியைத் தூண்டுகின்றன என்று 2010-ல் தெரிந்தது. அப்படியானால் அந்த இன்டர்லூக்கினைத் தடுத்தால் மாரடைப்பு குறையுமா? பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து, குறைகிறது என்று 2017-ல் வெளியிட்டார்கள். ஆனால் மருந்து எடுத்தவர்களிடம் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் சற்றுக் கூடின. அழற்சியை அடக்கினால் காவலும் தளர்கிறது. இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்பதற்கு இன்னும் முழு விடை இல்லை. உங்கள் மகளின் தலைமுறைக்கு நிறைய வேலை மிச்சமிருக்கிறது என்று நான் நம்புவது இதனால்தான்.

ஆனால் லேப் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று அவளுக்கு இப்போதே தெரிய வேண்டும். காலையில் தட்டில் வளரும் மேக்ரோபேஜ்களுக்கு எண்டோடாக்சின் சேர்த்து மூன்று, நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அப்புறம் என்.எல்.ஆர்.பி-3-ஐத் தூண்டும் பொருளைச் சேர்க்க வேண்டும். மேலே நிற்கும் திரவத்தை எடுத்து, 96 குழிகள் கொண்ட தட்டில் மைக்ரோலிட்டர் கணக்கில் விட்டு, இன்டர்லூக்கின் எவ்வளவு வந்தது என்று காட்டும் எலைசா சோதனை செய்ய வேண்டும். மஞ்சள் நிறம் எந்தக் குழியில் எவ்வளவு அடர்த்தி என்று கருவி படிக்கும். ஒரு துளி எண்டோடாக்சின் தவறான குழியில் கலந்தால் நாள் முழுக்கச் செய்தது வீண். மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதைப் பொறுமையாகச் செய்கிற பிள்ளைதான் இந்தத் துறையில் நிலைப்பாள். மதிப்பெண்ணைவிட இதை நான் பெரிதாக எண்ணுகிறேன்.

சரி, பாதைக்கு வருவோம். ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். நல்ல வழி, நமக்குப் பக்கத்தில் திருப்பதியில் ஒன்று இருக்கிறது. அதற்கான ஐ.ஏ.டி. நுழைவுத் தேர்வில் கணிதமும் கால் பங்கு வரும். உங்கள் மகள் கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் குரூப் என்பதால் கணிதத்துக்குத் தனியாக உழைக்க வேண்டும். இல்லையென்றால் பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி எதுவானாலும் சரி. பட்டத்தின் பெயரை வைத்து யாரும் கதவை மூடுவதில்லை. முதுகலையில் நோயெதிர்ப்பியல் பக்கம் திரும்பலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே துறை இருக்கிறது. ஆராய்ச்சிக்கு டெல்லியில் தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனம், சென்னை சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று இடங்கள் இருக்கின்றன.

காலக்கணக்கை மறைக்க மாட்டேன். பிஎச்.டி. முடியும்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது ஆகியிருக்கும். முதுகலைக்குப் பிறகான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும் உதவித்தொகை. வீட்டு வாடகைப்படி தனி. அதுவரைக்கும் குடும்பம் தாங்க வேண்டும். அவள் சம்பளத்தை நம்பி ஏதாவது கடன் இருந்தால் இப்போதே அவளோடு உட்கார்ந்து பேசுங்கள்.

முதுகலையோடு நிறுத்தினாலும் வேலை உண்டு. நரம்பில் ஏற்றும் ஊசி மருந்துகளுக்கு பேட்ச் வாரியாக எண்டோடாக்சின் சோதனை செய்தாக வேண்டும், டி.எல்.ஆர்-4 அதை உணர்ந்தால் காய்ச்சலும் 'ஷாக்' என்ற ஆபத்தான நிலையும் வரும் என்பதே காரணம். ஹைதராபாத், பெங்களூருவின் தடுப்பூசி, உயிரிமருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகள் இத்தகைய சோதனை தெரிந்தவர்களை எடுக்கின்றன. ஹைதராபாத்தில் உருவான கோவாக்சினில் டி.எல்.ஆர்-7, 8 ஏற்பிகளைத் தூண்டி, தடுப்பூசியின் பலனைக் கூட்டும் துணைப்பொருள் சேர்த்திருந்தார்கள் என்பதை மகளிடம் சொல்லுங்கள், மகிழ்வாள். தொடக்கச் சம்பளம் ஐ.டி. அளவுக்கு இருக்காது, அதையும் சொல்லிவிடுங்கள்.

நீட் மறுபடி எழுத வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நோயாளியின் பக்கத்தில் இருந்து குணப்படுத்த அவள் விரும்பினால் ஒரு முறை எழுதட்டும். எம்.பி.பி.எஸ்., எம்.டி. முடித்து, புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் மருத்துவ நோயெதிர்ப்பியலில் டி.எம். என்ற சிறப்பு மேற்படிப்பு படிக்கலாம். அவள் விருப்பம் அதுவல்ல என்றால் கோச்சிங்கில் தள்ளி ஓர் ஆண்டை வீணாக்க வேண்டாம்.

கல்லூரியில் பணம் கட்டும் முன் நீங்களும் கூடப் போங்கள். செல் வளர்ப்புக்கான கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர் இருக்கிறதா, அதை மாணவர்கள் கையாள விடுவார்களா, சென்ற ஆண்டு முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். துறைத்தலைவர் சொல்வதோடு நிறுத்தாமல், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு பேரைத் தனியே பிடித்து மகளையே விசாரிக்கச் சொல்லுங்கள்.