வினைல் தரையில் வேக்ஸ் கொட்டிவிட்டது, தரை கெடாமல் எப்படி எடுப்பது?

வாடகை வீட்டில் முடி எடுக்கும் வேக்ஸ் டப்பா கவிழ்ந்துவிட்டது, வினைல் தரை, அடுத்த மாதம் வீட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். முன்பணத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் பொறுமையாகச் செய்தால் பெரும்பாலும் தடம்கூடத் தெரியாது. நான் சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஓர் அழகு நிலையத்தில் வேலை செய்கிறேன். எங்கள் கடையிலும் வினைல் தரைதான், வேக்ஸ் சொட்டாத வாரம் கிடையாது.

முதலில் அது என்ன வேக்ஸ் என்று டப்பாவில் பாருங்கள். சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் காய்ச்சிய ரகம் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியே போதும், கரைந்து வந்துவிடும். சூடாக்கிப் பூசும் தேன் நிற வேக்ஸ் பெரும்பாலும் பைன் மரப் பிசினில் செய்தது. டப்பாவில் ரோசின் அல்லது கொலஃபோனி என்று போட்டிருக்கும். அது தண்ணீருக்கு மசியாது, எண்ணெய்க்குத்தான் இளகும். அதன் மேல் ஈர மாப்பைப் போட்டால் அறை முழுக்க இழுவிக்கொண்டு போகும்.

பிசின் வேக்ஸ் என்றே வைத்துக்கொள்வோம். நம் ஊர்ச் சூட்டில் அது தானாக இறுகாது. ஐஸ் கட்டிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, தண்ணீர் கசியாமல் கட்டி, அதன் மேல் பத்து நிமிடம் வையுங்கள். இறுகியதும் பழைய ஈசிலிங்க் கார்டை (பஸ், ரயில் பயண அட்டை) படுக்கை வசமாகப் பிடித்து ஓரத்திலிருந்து உள்பக்கமாக நெம்புங்கள், சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வரும். கத்தி, பிளேடு வேண்டவே வேண்டாம்; வினைலில் விழுந்த கீறல் போகாது.

மிச்சமிருக்கும் பிசுபிசுப்புக்குக் குழந்தைகளுக்குத் தேய்க்கும் பேபி ஆயில், இல்லாவிட்டால் சமையல் எண்ணெய். பஞ்சில் நனைத்து மேலே போட்டு விடுங்கள். ஐந்து, பத்து நிமிடத்தில் இளகிவிடும், அப்போது டிஷ்யூவால் வழித்து எடுங்கள். பலகை இணைப்புகளில் எண்ணெய் இறங்காமல் கொஞ்சமாகவே விடுங்கள். அப்புறம் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் துணியைப் பிழிந்து இரண்டு முறை துடைத்து, காயவிட்டு, கையால் தடவிப் பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்தக் கடைசி வேலையை விடவே கூடாது, எண்ணெய்த் தரையில் கால் வழுக்கும்.

நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் சீக்கிரம் எடுக்குமே என்று தோன்றும். தின்னரும் அப்படித்தான். இரண்டுமே வினைலின் மேற்பூச்சை மங்கவைத்துவிடும். காகிதம் வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கும் முறையும் இந்தத் தரைக்கு ஆகாது, சூட்டில் வினைல் நெளிந்துவிடும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இருக்கும் பீங்கான் ஓடுகளுக்கும் இதே முறைதான், அங்கே நீலகிரித் தைலமும் நன்றாக வேலை செய்யும். பளிங்குத் தரை என்றால் மட்டும் ஐஸ், கார்டு இரண்டோடு நிறுத்திவிட்டு, கல் மெருகு போடுபவரைக் கேளுங்கள். எண்ணெய் உள்ளே ஊறிக் கறையாகும், எலுமிச்சையும் வினிகரும் கல்லையே அரிக்கும்.

வழித்த வேக்ஸைக் குளியலறை வடிகாலில் கொட்டாதீர்கள், அங்கே போய் இறுகி அடைத்துக்கொள்ளும். டிஷ்யூவில் சுருட்டிக் குப்பையில் போடுங்கள்.