காலையில் கண் விழிக்காமலே போனால் நன்றாயிருக்கும் என்று தோன்றுகிறதா? மனநல மருத்துவர் பதில்கள்

கேள்வி: சாக வேண்டும் என்றெல்லாம் இல்லை டாக்டர். படுக்கும்போது ‘அப்படியே தூக்கத்திலேயே போய்விட்டால் தேவலை’ என்று தோன்றுகிறது. மாதக்கணக்கில் இப்படித்தான். எனக்குப் பைத்தியமா?

பதில்: இல்லை தம்பி. தலைவலி, தூக்கமின்மை எல்லாம் சொல்லி முடித்து, கிளம்பும்போது கதவருகே நின்று இதைச் சொல்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் அவர்களுக்கு முடிய வேண்டியது உயிர் அல்ல. கடனோ, கல்யாண வாழ்க்கையோ, தீராத வலியோ. அதற்காக லேசாக விட்டுவிடாதீர்கள். நீங்கள் நம்பும் ஒருவரிடம் இந்த வாரமே, இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்றால் காபி குடிக்கச் சொல்லிவிடுவார்கள். மருத்துவரைப் பாருங்கள், தைராய்டு, பி12 குறைந்தாலும் மனம் இப்படிச் சோர்ந்துபோகும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். எப்படி, எப்போது என்று யோசனை போக ஆரம்பித்தால் அன்றே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: வெளியே சொன்னால் போலீஸ் கேஸ் ஆகுமா?

பதில்: ஆகாது. எண்ணம் எப்போதுமே குற்றம் இல்லை. முயன்றவரைக்கூட கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 309-ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இல்லை.

கேள்வி: மாத்திரை பழகிவிடுமா?

பதில்: மனச்சோர்வு மாத்திரை போதை மருந்து அல்ல. பலன் தெரிய சில வாரம் ஆகும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: கல்லூரி படிக்கும் மகள் ‘எங்கேயாவது போயிடணும்’ என்கிறாள். நேராகக் கேட்டால் நாமே அந்த எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகாதா?

பதில்: ஆகாதம்மா. ஆராய்ந்து பார்த்த விஷயம் இது. தனியாக இருக்கும்போது, ‘செத்துப்போயிட்டா நல்லாருக்கும்னு தோணுதாம்மா?’ என்று கேளுங்கள். கேட்டபின் அறிவுரை வேண்டாம், அவள் பேசட்டும்.

கேள்வி: இப்படிக் கேட்கச் சொல்வது தப்பு டாக்டர். வாய் முகூர்த்தம் பலித்துவிடும்.

பதில்: உங்கள் பயம் புரிகிறது ஐயா. ஆனால் வீடே அந்த வார்த்தைக்குப் பயந்தால், அதை நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்?

கேள்வி: சொல்கிறவன் செய்ய மாட்டான். குரைக்கிற நாய் கடிக்காது.

பதில்: இந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். இறந்தவர்களில் பலர் முன்பே யாரிடமாவது ஏதோ ஒரு விதத்தில் சொல்லியிருக்கிறார்கள். மிரட்டல் என்று நினைத்துக் கேட்காமல் விட்டிருப்பார்கள்.

கேள்வி: ராகு திசைக்குப் பரிகாரம்?

பதில்: என் துறை இல்லை. கோயிலுக்கும் போங்கள், மருத்துவரையும் பாருங்கள்.

கேள்வி: மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டுமா? இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன்.

பதில்: பலருக்குத் தேவைப்படாது. மறுபடியும் சொல்கிறேன், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து எந்த எண்ணை அழைக்கலாம்?

பதில்: 1926. இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் எண்.

கேள்வி: மகளிடம் கேட்டேன் டாக்டர். அழுதுவிட்டாள். ‘சில நாள் தோணும்மா’ என்றாள். இப்போது என்ன செய்ய?

பதில்: நல்ல காரியம் செய்தீர்கள். எப்படிச் செய்வது என்று யோசித்தாளா என்பதையும் கேளுங்கள். ஆம் என்றால் இப்போதே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். இல்லையென்றால் இன்றிரவு அவளோடு படுத்துக்கொள்ளுங்கள். வீட்டு மாத்திரை டப்பா உங்கள் பீரோவில் பூட்டியிருக்கட்டும். காலையில் சீக்கிரமே மாவட்ட மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள்.