நிக் மைக்கை மறந்துவிட்டானா?

மறக்கவில்லை. ஹட்டனில் நண்பர்களோடு ‘தி டியர் ஹன்டர்’ (1978) என்ற வியட்நாம் போர்ப் படத்தைப் பார்த்ததாகவும், கடைசியில், ஒரே குண்டு போட்ட துப்பாக்கியைத் தன் தலையில் வைத்துச் சுடும் சூதாட்ட மேசையில் நிக் தன் உயிர் நண்பன் மைக்கையே தெரியாதவன்போல் இருப்பது ஏன் என்று புரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். மைக் ஊர் மலையையும் மரங்களையும் ஞாபகப்படுத்தியதும் நிக் சிரித்து, ‘ஒரே வெடி’ என்கிறான். மானை ஒரே வெடியில் விழுத்த வேண்டும் என்பது அவர்களுடைய வேட்டைப் பேச்சு. அடையாளம் கண்ட பிறகுதான் விசையை அழுத்துகிறான்.

போரில் சிறைப்பட்டிருந்தபோது தன் தலையிலேயே துப்பாக்கியை வைக்க வைத்தார்களே, அங்கேயே அவன் மனம் மரத்துப்போயிற்று என்று நினைக்கிறேன். போதை ஊசி வேறு. கையில் தழும்பு தெரியும்.

சைகோன் ஆஸ்பத்திரிக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். டாக்டர் தாய் தகப்பன் பிறந்த திகதியைக் கேட்க, உடைந்து அழுகிறான். அப்புறம் ஊருக்குப் போன் எடுக்கப் போய், பேசாமலே திரும்புகிறான். கால்களை இழந்த இன்னொரு நண்பன் ஸ்டீவனுக்குச் சைகோனிலிருந்து வரும் பணம்? மறந்தவன் அனுப்புவானா?

ஒன்று: வியட்நாம் போரில் இந்தச் சூதாட்டம் நடந்ததற்கு ஆதாரம் இல்லை, படம் வந்த காலத்திலேயே அதற்காகத் திட்டு வாங்கியது. வரலாறாக எடுக்க வேண்டாம்.

திரும்பப் போடும்போது, 1977 கலவரத்துக்குப் பின் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போய், 2009 வரை போரில் அகப்பட்ட குடும்பத்தவர் யாரும் கூட இருந்தால், அந்தச் சிறை, துப்பாக்கிக் காட்சிகளைப் பற்றி முன்னமே சொல்லிவிடுங்கள். எழும்பிப் போனால் மறிக்க வேண்டாம்.